ஒரு பாக்கெட்டைப் பின்தொடர்ந்து கணினி வலையமைப்பைக் கற்பது எப்படி?

வலையமைப்பைக் கற்க விரும்புபவருக்குப் பெரும்பாலும் முதல் பாடமாக அமைவது, வலையமைப்பின் வேலைகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகள்தாம். 1984இல் பன்னாட்டுத் தர அமைப்பு வெளியிட்ட அந்த மாதிரி பயனற்றதன்று. "இது இரண்டாம் அடுக்குச் சிக்கல்" என்றுதான் துறையில் இருப்பவர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். ஆயினும் வலையமைப்பில் பயணிக்கும் தரவுப் பொட்டலமான பாக்கெட் ஒன்றைக்கூடக் கண்ணால் பாராமல் ஏழு பெயர்களை மனப்பாடம் செய்தவருக்கு, இணையம் வராத ஒரு கணினியின் முன் உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஆகவே, ஒரு பாக்கெட் கணினியை விட்டுக் கிளம்பும்போது எடுக்கப்படும் முதல் முடிவிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. போக வேண்டிய முகவரி என் வலையமைப்புக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே அந்த முடிவு.

இதற்கு ஒரு கணினி, ஒரு ரூட்டர், அதே ரூட்டருடன் இணைந்த இன்னொரு கருவி ஆகியவை போதும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையையும் லினக்ஸில் ஐபி கட்டளையையும் இயக்கி, கணினியின் எண் முகவரியான ஐபி முகவரி, அதில் வலையமைப்பைக் குறிக்கும் பகுதி எது என்று காட்டும் சப்நெட் மாஸ்க், வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரியைச் சொல்லும் டீஃபால்ட் கேட்வே ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றை நீங்கள் தட்டச்சு செய்யவில்லை. கணினி இணைந்தவுடன் முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி வழியாகப் பெரும்பாலும் ரூட்டரே வழங்கியிருக்கும். விண்டோஸ் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அந்த வழங்கல் நடக்கவில்லை என்று பொருள்.

இனி அந்த முடிவைக் கையால் எடுத்துப் பாருங்கள். ஐபியின் நான்காம் பதிப்பில் முகவரி என்பது 32 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன 32 இலக்கங்கள். எட்டெட்டுப் பிட்டாக நான்கு எண்களாகப் பிரித்து எழுதுகிறோம். உங்கள் முகவரி 192.168.1.77 என்றும் மாஸ்க் 255.255.255.192 என்றும் வைத்துக்கொள்வோம். கடைசி எண்ணான 77ஐ இருமத்தில் எழுதினால் 01001101. மாஸ்க்கின் கடைசி எண்ணான 192ஐ எழுதினால் 11000000. இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 இட்டால் 01000000, அதாவது 64 கிடைக்கிறது. எனவே உங்கள் வலையமைப்பு 192.168.1.64, அதன் எல்லை 127 வரை. 64 வலையமைப்பையே குறிப்பதாலும் 127 எல்லோருக்குமான பிராட்காஸ்ட் முகவரியாக இருப்பதாலும், கருவிகளுக்கு மிஞ்சுவன 62 முகவரிகள். இப்போது 192.168.1.130க்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்றால், 130க்கு இதே கணக்கைச் செய்யுங்கள். விடை 128. இரண்டு விடைகளும் வேறுபடுவதால், முதல் மூன்று எண்கள் ஒன்றாகவே இருந்தாலும் அது வேறு வலையமைப்பு. பாக்கெட் கேட்வேயிடம் போக வேண்டும்.

இந்தக் கணக்கைச் செய்து தரும் கருவிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. தொடக்கத்தில் அவற்றைத் தொடாதீர்கள். வெவ்வேறு மாஸ்க்குகளை எடுத்துக்கொண்டு, எழுதாமலேயே எல்லை எண்கள் மனத்தில் தோன்றும் வரை தாளில் பழகுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இந்தப் பாடத்தில் குறுக்குவழி தேடக் கூடாத இடம் இதுவே.

முடிவு எடுக்கப்பட்டபின் பாக்கெட்டைக் கம்பியிலோ வைஃபையிலோ ஏற்ற, அடுத்த கருவியின் வன்பொருள் முகவரியான மேக் முகவரி தேவை. 48 பிட் கொண்ட இந்த முகவரியைக் கண்டறிவது ஏஆர்பி என்ற நெறிமுறை. "இந்த ஐபி யாருடையது?" என்று அது வலையமைப்பு முழுவதையும் கேட்கிறது, உரியவர் மட்டும் பதில் தருகிறார். இதைக் காண, பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை நிறுவி, உங்கள் சொந்த வலையமைப்பில் மட்டும் பதிவைத் தொடங்குங்கள். முதலில் அருகிலுள்ள கருவிக்கும், பிறகு வெளியுலகச் சர்வர் ஒன்றுக்கும், பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையைக் கொடுங்கள். முதல் பிங்கின் பாக்கெட்டில் சேருமிட மேக் அந்தக் கருவியுடையது. இரண்டாவதில் சேருமிட ஐபி தொலைதூரச் சர்வருடையதாக இருந்தாலும், சேருமிட மேக் உங்கள் ரூட்டருடையது. இந்த இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து நிதானமாகப் பாருங்கள். மேக் அடுத்த கருவி வரைக்கும், ஐபி பயணத்தின் முடிவு வரைக்கும் என்ற வேறுபாடு பிடிபட்டுவிட்டால், இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்ற பிரிவு ஏன் தேவைப்பட்டது என்பது தானே விளங்கும்.

ரூட்டரைத் தாண்டிய பயணத்தைக் காண டிரேஸ்ரூட் கட்டளை உதவும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்ற எண் உண்டு. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கிறது. பூச்சியமானால் பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் தருகிறது. டிரேஸ்ரூட் இந்த எண்ணை 1, 2, 3 என்று வேண்டுமென்றே சிறியதாக வைத்து அனுப்பி, வழியிலுள்ள ரூட்டர்களைத் தாமே பேசவைக்கிறது. இடையில் நட்சத்திரக் குறிகள் வந்தால் பாதை அறுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதில் தராதபடி அமைக்கப்பட்ட ரூட்டர்கள் பல உண்டு.

அடுத்தது, தரவு முழுமையாகவும் வரிசையாகவும் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி நெறிமுறை. வயர்ஷார்க் ஓடும்போது ஏதேனும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால், தரவு ஓடத் தொடங்குமுன் சின், சின்-ஆக், ஆக் என்ற மூன்று பாக்கெட்டுகள் சர்வரின் 443ஆம் போர்ட்டுடன் (சேவையைக் குறிக்கும் எண்) பரிமாறப்படுவதைக் காணலாம். இரு பக்கமும் தத்தம் வரிசை எண்ணை மற்றவருக்கு அறிவித்து ஒப்புதல் பெறும் சடங்கு அது. வழியில் தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்புவதும் வரிசை மாறியதைச் சீராக்குவதும் இந்த எண்களை நம்பியே நடக்கின்றன. சில உலாவிகள் இந்தச் சடங்கு இல்லாத யுடிபி மீது இயங்கும் க்விக் நெறிமுறையில் பேசுவதால், மூன்றையும் காணாவிட்டால் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸையும் இதே பதிவில் 53ஆம் போர்ட்டில் தேடலாம். உலாவி அதை மறையாக்கம் செய்து அனுப்பினால் மட்டும் அது அங்கே தென்படாது.

இவ்வளவும் ஆனபின், வலையமைப்பை நீங்களே கெடுத்துப் பாருங்கள். பழைய அமைப்புகளைக் குறித்துவைத்துக்கொள்வது அவசியம். கேட்வே 192.168.1.1 ஆக இருக்க, கணினிக்கு 192.168.1.77 என்ற முகவரியையும் 255.255.255.192 என்ற மாஸ்க்கையும் கையால் இடுங்கள். 1 என்பது 64க்கும் 127க்கும் இடையில் இல்லாததால், கேட்வேயே உங்கள் வலையமைப்புக்கு வெளியே போய்விடுகிறது. அதை விண்டோஸ் எச்சரிக்கையாகவும் சொல்லும். பிறகு மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டு டிஎன்எஸ் முகவரியை மட்டும் தவறாக இடுங்கள். ஐபி முகவரிக்குக் கொடுக்கும் பிங் வேலை செய்யும். பெயருக்குக் கொடுப்பது தோற்கும். ஒவ்வொரு முறையும் தன் முகவரி, கேட்வே, வெளி முகவரி, பெயர் என்ற வரிசையில் சோதித்து, எந்தப் படியில் நின்றது, அங்கே ஏன் நின்றது என்று இரண்டு வாக்கியங்களில் எழுதிவைத்தபின் பழைய அமைப்புகளை மீட்டுக்கொள்ளுங்கள்.