திருவிருந்தில் நாம் செய்யும் தவறுகள்

இயேசுவின் கடைசி இராவுணவை நினைத்துச் சபையார் அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்வதே திருவிருந்து. அந்தப் பந்திக்கு எல்லாரும் எழுந்து போகும்போது சிலர் மட்டும் இருக்கையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "எனக்குத் தகுதி இல்லை" என்பார்கள். கொரிந்து நகரச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதி வேதாகமத்தில் உள்ள 1 கொரிந்தியர் கடிதத்தின் 11-ஆம் அதிகாரம்தான் இந்தப் பயத்தின் ஊற்று. அபாத்திரமாய் (தகாத விதமாய்) புசித்துப் பானம்பண்ணுகிறவன் தன்மேல் ஆக்கினைத்தீர்ப்பை (தண்டனையை) வருவித்துக்கொள்கிறான் என்று பவுல் அங்கே எழுதுகிறார். அந்த ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து வாசிப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

அதே அதிகாரத்தை 17-ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். கொரிந்து சபையில் அப்பமும் பாத்திரமும் ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தன. வசதி உள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை மற்றவர்களுக்கு முன்பே சாப்பிட்டு முடித்தார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். ஒருவன் குடித்து வெறிகொள்ள, இன்னொருவன் பட்டினி. பவுலின் கோபமெல்லாம் இதன்மேல்தான்: இல்லாதவர்களை வெட்கப்படுத்திவிட்டு அதற்குக் கர்த்தருடைய பந்தி என்று பெயர் வைக்கிறீர்களா என்று கேட்கிறார். அவர் சொல்லும் பரிகாரத்தையும் கவனியுங்கள். ஒவ்வொருவனும் தன்னைச் சோதித்துப் பார்த்து, அதற்குப் பிறகு புசிக்கட்டும் என்கிறார். ஒதுங்கியிரு என்று சொல்லவில்லை. முடிக்கும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார்.

இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவில் நடந்த முதல் பந்தியில் யார் யார் இருந்தார்கள் என்பதை லூக்கா 22 மறைக்காமல் சொல்கிறது. அவரைக் காட்டிக்கொடுக்கிறவனின் கை மேசையின்மேல் இருந்தது. நம்மில் யார் பெரியவன் என்று சீஷர்கள் அங்கேயே வாக்குவாதம் செய்தார்கள். நீ என்னை மூன்று தரம் மறுதலிப்பாய் என்று பேதுருவிடம் இயேசு அன்று இரவே சொன்னார். அவர்களுக்குத்தான் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். மனம் உடைந்து, திரும்பி வர விரும்புகிறவர் இந்தப் பந்திக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம்.

அப்படியென்றால் சோதித்துப் பார்க்கவே தேவையில்லையா? தேவை. கனமான பாவத்தில் இருப்பதை உணர்ந்தவர் முதலில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய வேண்டும் என்பது கத்தோலிக்க ஒழுங்கு. பல புராட்டஸ்டண்ட் சபைகளில் பந்திக்கு முன்பு எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறார்கள். சில இடங்களில் முந்தின நாளே ஆயத்த ஆராதனை உண்டு. ஆனால் சோதனை என்றால் அந்த வாரத்துப் பாவங்களை மனதுக்குள் எண்ணி முடிப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கொரிந்தியரின் குற்றம் பக்கத்தில் இருந்த மனிதருக்குச் செய்தது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன், கூலியைக் குறைத்துக் கொடுத்த வேலையாள், நாம் பரப்பிய அவதூறு, இவைதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொல்வதும் இதையே. சனிக்கிழமை இரவே ஒரு போன் செய்துவிடலாம்.

இதே அதிகாரத்தை இன்னொரு விதத்திலும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். உங்களில் பலர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாக இருக்கிறார்கள் என்று பவுல் அந்தச் சபையைப் பார்த்துச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு, படுத்திருக்கும் நோயாளியிடம் "பந்தியில் ஏதோ தப்பு செய்திருப்பீர்கள்" என்று சொல்வது கொடுமை. தயவுசெய்து யாரிடமும் அப்படிப் பேசாதீர்கள்.

அப்புறம், மற்றச் சபையாரின் விசுவாசத்தைத் தப்பாக எடுத்துச் சொல்வது. கத்தோலிக்கர் திருப்பலி என்று அழைக்கும் இந்த வழிபாட்டில் ஒவ்வொரு முறையும் கிறிஸ்துவை மறுபடியும் பலியிடுகிறார்கள் என்று பேசுவோர் உண்டு. சிலுவையில் ஒரே முறை நடந்த பலி அங்கே நம்முன் பிரசன்னமாகிறது, அது திரும்ப நடப்பதில்லை என்பதே அவர்கள் போதனை. அப்பமும் திராட்சரசமும் தம் உட்பொருளில் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பதை ஆயர்கள் கூடிய பொதுச்சங்கங்களான நான்காம் லாத்தரன் சங்கம் 1215-இலும் திரிதெந்து சங்கம் 1551-இலும் வரையறுத்தன. ஆர்த்தடாக்ஸ் என்னும் கிழக்கத்திய சபைகளும் மெய்யான மாற்றத்தை நம்புகின்றன. எப்படி என்பதை மறைபொருளாகவே விட்டுவிடுகின்றன. மறுபக்கம், புராட்டஸ்டண்டுகளுக்கு இது வெறும் அப்பம் என்பதும் தவறு. 1529-இல் ஜெர்மனியின் மார்புர்க் நகரில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் சந்தித்தபோது 15 விஷயங்களில் 14-இல் ஒத்துப்போனார்கள். உடன்பாடு முறிந்தது இந்த விருந்தைப் பற்றிய கேள்வியில்தான். கிறிஸ்துவின் சரீரம் அப்பத்தோடு மெய்யாகவே இருக்கிறது என்றார் லூத்தர். இது நினைவுகூருதல் என்றார் ஸ்விங்லி. விசுவாசிகள் பரிசுத்த ஆவியின் வல்லமையால் கிறிஸ்துவில் மெய்யாகப் பங்கடைகிறார்கள் என்று பின்னர் ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின் கற்பித்தார்.

வேறு சபைக்குப் போகும்போது கேட்காமல் வரிசையில் நிற்காதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபை சில விதிவிலக்குகள் தவிரத் தன் உறுப்பினருக்கே நற்கருணை (இந்த அப்பமும் ரசமும்) கொடுக்கிறது; ஆர்த்தடாக்ஸ் சபைகளும் அப்படியே. பல புராட்டஸ்டண்ட் சபைகள் ஞானஸ்நானம் பெற்ற எவரையும் ஏற்கின்றன. சில சபைகள் திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்களை மட்டும், இன்னும் சில முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களை மட்டும் சேர்க்கின்றன. ஆராதனைக்கு முன்பு ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர்கள் மறுத்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கத்தோலிக்க ஆலயத்தில் கையில் வாங்கிய அப்பத்தை இருக்கைக்கு எடுத்துப்போகக் கூடாது, அங்கேயே உட்கொள்ள வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உணவு கூடாது என்ற ஒழுங்கும் உண்டு. தண்ணீரும் மருந்தும் அதில் சேராது.

புளித்த அப்பமா புளிப்பில்லாததா, ஒரே பாத்திரமா சின்னச் சின்னக் கோப்பைகளா என்று சபையை உடைக்கும் அளவுக்குச் சண்டை போடுவதை ஏற்கவே முடியவில்லை. கிழக்கத்திய சபைகளில் பெரும்பாலும் புளித்த அப்பம், கத்தோலிக்கரிடம் புளிப்பில்லாத கோதுமை அப்பம். திராட்சரசத்துக்குப் பதில் புளிக்காத திராட்சைச் சாறு பரவியதே 1869-இல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் சபைக்காரர் சாற்றைப் புளிக்காமல் பாதுகாக்க வழி கண்ட பிறகுதான்.

அடிக்கடி எடுத்தால் மதிப்பு குறைந்துவிடும் என்ற பேச்சும் உண்டு. சுமார் கி.பி. 155-இல் எழுதிய ஆதிச் சபை எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிறுதோறும் இது நடந்ததாகச் சொல்கிறார். பிறகு மக்கள் பயத்தால் ஒதுங்கி ஒதுங்கி, வருடத்துக்கு ஒரு முறையாவது வாங்குங்கள் என்று 1215-இல் அதே லாத்தரன் சங்கமே கட்டளையிட வேண்டியிருந்தது. வாரந்தோறும் வேண்டும் என்று கால்வின் விரும்பினார். ஜெனீவா நகர மன்றம் வருடத்துக்கு நான்கு முறைதான் அனுமதித்தது.

அதே ஜஸ்டின் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தையும் ரசத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்று அதிகம் விட்டுப்போவது இதுதான். படுக்கையில் இருப்பவர் தானாகப் போதகரிடம் கேட்கக் கூச்சப்படுவார். வீட்டார்தான் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். விழுங்கச் சிரமம் என்றால் அதையும் சொல்லுங்கள். கத்தோலிக்க ஒழுங்கில் தேவை ஏற்பட்டால் ரசத்தை மட்டும் கொடுக்க இடமுண்டு. மற்ற சபைகளில் துளி அப்பத்தை நனைத்துக் கொடுக்க முடியுமா என்று போதகரிடம் கேட்டுப் பாருங்கள்.