விலங்கு நலப் பிரச்சாரம்: நான் செய்த தவறை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்கள் தாங்கள் தயாரித்த துண்டறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அட்டையில் ஒரு கன்றுக்குட்டியின் முகம், ஈரமான பெரிய கண்கள். கீழே "மாட்டிறைச்சியைக் கைவிடுங்கள்" என்று ஒரு வரி. 12 வருடங்களுக்கு முன்னால் நான் அச்சடித்ததும் ஏறக்குறைய இதே படம், இதே வரிதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். சாப்பிடுகிறவர் முகத்துக்கு நேரே கத்தக் கூடாது, ரத்தப் படங்களைக் குழந்தைகள் முன்னால் நீட்டக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த விஷயம். அதற்குள் போகவில்லை. கீழே உள்ள தலைப்பு ஒவ்வொன்றும் பிரச்சாரத்தில் செய்யக் கூடாத ஒரு தவறு.

எதை விட்டார்கள் என்று மட்டும் கேட்பது

அந்தத் துண்டறிக்கையை ஒரு வருடம் முழுக்கக் கொடுத்தோம். மாட்டிறைச்சியை விட்டுவிட்டதாகச் சொன்னவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். ஒரு நாள் ஒரு பெண்மணி தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க நோட்டீஸைப் படிச்சதுல இருந்து எங்க வீட்ல மாட்டுக்கறியே கிடையாதுங்க. இப்ப எல்லாம் கோழிதான்" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. நன்றி சொல்லி அனுப்பி வைத்தேன். அன்று ராத்திரிதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு மாட்டில் 200 கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கும். ஒரு பிராய்லர் கோழியில் 2 கிலோ தேறினால் அதிகம். ஒரு மாட்டின் எடைக்கு ஈடுகட்ட நூறு கோழிகளுக்கு மேல் சாக வேண்டும். அவை வாழும் வாழ்க்கையையும் பாருங்கள். சுமார் 6 வாரத்தில் வெட்டுக்குத் தயாராகும்படி இனப்பெருக்கம் செய்யப்பட்டவை அவை. உடம்பு வளரும் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காமல் பல கோழிகள் நொண்டும். எச்சம் ஊறிய தரையிலேயே உட்கார்ந்து கிடப்பதால் கால் மூட்டில் தோல் வெந்து கறுத்துப்போகும். இறைச்சிக்கு வளரும் மாடு பெரும்பாலும் வாழ்நாளில் கொஞ்ச காலமாவது வெட்டவெளியில் மேய்ந்திருக்கும்.

அந்த நோட்டில் இருந்த பெயர்களில் எத்தனை பேர் கோழிக்கு மாறினார்கள் என்று நான் கேட்கவே இல்லை. இன்றும் என்னை அரிப்பது அதுதான். மாறியிருந்தால், எங்கள் உழைப்பால் துன்பம் கூடியிருக்கிறது.

பருவநிலைக்காகப் பேசுகிறவர்கள் மாட்டிறைச்சியைக் குறைக்கச் சொல்வது அவர்கள் கணக்குக்குச் சரி. ஒரு கிலோ இறைச்சிக்குப் பூமியைச் சூடாக்கும் வாயுவை அதிகம் வெளியேற்றுவது மாடுதான். ஆனால் அந்த வாசகத்தை அப்படியே தூக்கி வந்து விலங்கு நலம் என்று ஒட்டக் கூடாது. உலகில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கும் அதிகமான கோழிகள் வெட்டப்படுகின்றன. கன்றின் கண் நம்மை உருக்குகிறது, கோழியின் கண் உருக்குவதில்லை. நம் மனம் உருகுவதை அளவுகோலாக வைத்துக்கொண்டு வேலையைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கோழிகளுக்கென்று யாரும் மிஞ்ச மாட்டார்கள். அதனால் கோழியிலிருந்தும் முட்டையிலிருந்தும் தொடங்குங்கள். "விடுங்கள்" என்று எழுதும் இடத்திலேயே, அதற்குப் பதிலாகத் தட்டில் என்ன வைப்பது என்பதையும் எழுதுங்கள்.

உறுதிமொழி வந்ததும் கலைந்து போவது

முட்டைக்கோழிகளை அடைத்து வைக்கும், முட்டையிடத் தனி இடமோ உட்காரக் கம்போ இல்லாத வெற்றுக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்வதாக ஐரோப்பிய ஒன்றியம் 1999-லேயே சட்டம் இயற்றியது. 12 வருட அவகாசம். கெடு முடிந்த அந்த ஜனவரியில், இன்னும் மாறாத 13 உறுப்பு நாடுகளுக்கு ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. சட்டத்துக்கே இந்தக் கதி என்றால், நிறுவனங்கள் தாமாகத் தரும் வாக்குறுதியின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள். கெடு தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, வருடத்துக்கு ஒரு முறையாவது போய்க் கேட்க ஓர் ஆளை நியமியுங்கள்.

பேசிப் பார்க்காமலே போராட்டத்தில் இறங்குவது

அழகுசாதனப் பொருட்களை முயலின் கண்ணில் விட்டுச் சோதிப்பதற்கு எதிராக 1980-இல் ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தைக் குறிவைத்த அமெரிக்க விலங்குரிமைப் போராளி ஹென்றி ஸ்பைரா, முதலில் அந்த நிறுவனத்திடம் போய்ப் பேசினார். மாற்றுச் சோதனை முறைகளுக்கான ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கச் சொன்னார். அது நடக்காதபோதுதான் அந்த நிறுவனத்தைக் கண்டித்து நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் அந்த நிறுவனம் ஆராய்ச்சிக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது.

நிர்வாகச் செலவு குறைவு என்பதற்காகவே நன்கொடை தருவது

அந்தப் பணத்தால் எத்தனை விலங்குகளின் நிலை மாறியது என்று கேளுங்கள்.

மீன்களை மறப்பது

மறக்காதீர்கள்.