உதடு ஒட்டாமல் ஒரு கதை

வெள்ளைத் தாளைக் கண்டாலே எனக்குக் கை இறுகிவிடும். முதல் வரியே பிரமாதமாக இருக்க வேண்டும் என்ற கவலை. அதைப் போக்கியது ஒரு பழைய தமிழ் விளையாட்டு: நிரோட்டகம், அதாவது உதடு ஒட்டாமல் பாடுவது. 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்' என்ற 341ஆம் குறளைச் சொல்லிப் பாருங்கள், உதடுகள் சேரவே சேராது.

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் (நல்ல நோட்டு என்றால் பயம் திரும்ப வந்துவிடும்) ப, ம, வ மூன்றுக்கும் தடை போட்டு ஒரு பத்தி எழுதினேன். அம்மா கிடையாது, அப்பா கிடையாது, மாமாவும் பாட்டியும்கூட அவுட். தாத்தாவும் ஆச்சியும் தப்பித்தார்கள். மாடு வர முடியாததால் காளை வந்தது. 'ஆற்றங்கரையில் ஆச்சி, எதிரே நின்ற காளையின் காதைத் திருகினாள்' என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். திட்டம் போட்டு உட்கார்ந்திருந்தால் இப்படி ஓர் ஆச்சி எனக்குக் கிடைத்திருக்கவே மாட்டாள்.

எழுத்தைத் தேடுவதிலேயே மூளை மும்முரமாகிவிடுகிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசிக்க அதற்கு நேரமில்லை. அப்புறம் தடையை நீக்கி, அதே பத்தியைச் சாதாரணமாகத் திருத்திக்கொள்வேன். உரையாடலுக்கு மட்டும் இது ஒத்துவராது. 'வா', 'போ' கூடச் சொல்ல முடியாதே!