பெர் ஏரியைச் சுற்றி நடக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸின் தெற்குக் கோடியில், மார்செய் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனாலே பெர் ஏரியின் கரை வந்துவிடும். 155 சதுர கிலோமீட்டர் பரப்பு இருந்தாலும் ஆழம் அதிகபட்சம் 9 மீட்டர்தான். தென்மேற்கில் மார்த்திக் ஊரை ஒட்டிய கரோந்த் கால்வாய் வழியாக மத்திய தரைக்கடல் நீர் உள்ளே வருகிறது. வடக்கே சேன்-ஷமா ஊரில் 1966 முதல் இயங்கும் நீர்மின் நிலையம், துரான்ஸ் ஆற்றின் நன்னீரைக் கொண்டுவந்து இதில் விடுகிறது. கடல்நீரும் இல்லாமல், ஆற்றுநீரும் இல்லாமல் இரண்டும் கலந்த உவர்நீர்.

வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் எளிதாகத் தெரியும். நீல நிறத்தில் ஒரு ஏரி, சுற்றிலும் ஊர்கள், பெரிய மலை எதுவும் இல்லை. இங்கே நடக்க வருபவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகள் அந்த வரைபடத்தை நம்புவதில்தான் தொடங்குகின்றன.

முதல் தவறு, தண்ணீரை ஒட்டியே ஏரியை முழுச் சுற்று சுற்றிவிடலாம் என்று கிளம்புவது. முடியாது. மரிஞானில் விமான நிலையத்தின் ஓடுபாதை ஏரிக்குள்ளேயே நீண்டு கிடக்கிறது. பெர் ஊரிலும் தெற்கே லா மேத் பகுதியிலும் பெட்ரோலிய, ரசாயன ஆலைகளின் வேலிகள் குறுக்கே நிற்கும். சேன்-ஷமாவில் 1690-இல் தொடங்கி 1974-இல் மூடப்பட்ட வெடிமருந்து ஆலை வளாகம் இருக்கிறது. இப்போது அது மரமும் பறவையுமாக அழகான இடம்தான், ஆனால் நினைத்த நேரத்தில் நினைத்த மூலைக்குள் நுழைய அனுமதி கிடையாது. வேலியில் ஓட்டை தெரிகிறதே என்று புகுந்துவிடாதீர்கள்.

முறையான பாதை வேண்டுமானால் ஜி.ஆர். 2013 இருக்கிறது. மார்செய் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராக இருந்த 2013-இல் திறந்த நெடும்பாதை, 365 கிலோமீட்டர். படுக்கப் போட்ட எட்டு போன்ற வடிவம். அதன் மேற்கு வளையம்தான் பெர் ஏரியைச் சுற்றுகிறது. இந்தப் பாதையில் நடப்பவர்களின் வழக்கமான புகார், 'ப்ரோவான்ஸ் என்று சொல்லிவிட்டு நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியிலும் குடியிருப்புகளுக்கு நடுவிலும் நடக்க வைக்கிறார்களே' என்பது. அவர்கள் லாவெண்டர் வயலை எதிர்பார்த்து வந்தவர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கலவைதான் இந்தப் பாதையின் சுவையே: காலையில் ரோமானியர் காலத்துப் பாலம், மதியம் எண்ணெய்த் தொட்டிகள், மாலையில் பூநாரைகள். அதில் விருப்பமில்லாதவர்கள் முழு வளையத்தையும் நடந்து சலித்துக்கொள்ளத் தேவையில்லை. மிராமா-லெ-வியோ குன்றூரிலிருந்து சேன்-ஷமா வரை, அல்லது சேன்-பிளேஸ் தொல்லியல் தளத்தைச் சுற்றி என்று நல்ல துண்டுகளாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

அடையாளக் கோடுகளைப் படிக்கத் தெரியாமல் வழி தவறுபவர்களும் உண்டு. மரத்திலோ விளக்குக் கம்பத்திலோ இரண்டு வண்ணக் கோடுகள் இணையாக இருந்தால் நேரே போங்கள். பெருக்கல் குறிபோல் இருந்தால் அது உங்கள் பாதை இல்லை. அடியில் வளைந்த அம்பு இருந்தால் திருப்பம் வருகிறது. ஊருக்குள் நடக்கும்போது அடுத்த குறியைக் கண்டுபிடிப்பது காட்டுக்குள் இருப்பதைவிடக் கடினம். பத்து நிமிடம் எந்தக் குறியும் தென்படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள்.

இனி முக்கியமான தவறு: வானத்தைப் பார்த்து நாள் குறிப்பது.

நம் ஊர்ப் பழக்கத்தில் மழை இல்லை, மேகம் இல்லை என்றால் நல்ல நாள். இங்கே அது சில நேரம் தலைகீழ். வடமேற்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியே மிஸ்த்ரால் என்ற காற்று பாய்ந்து வரும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் வீச்சுகளும் உண்டு. அது மேகத்தை எல்லாம் துடைத்துவிடுவதால் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஏரியின் எதிர்க்கரை வீடுகள்கூடத் துல்லியமாகத் தெரியும். புகைப்படக்காரர்கள் கொண்டாடும் நாள். கோடையில் காட்டுப் பாதைகளை மூடுவதும் பெரும்பாலும் அதே நாள்தான்.

காரணம் தீ. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை இந்த மாவட்டத்தின் காடுகளும் புதர்க்காடுகளும் அரசு நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும். நாளைக்கு எந்தக் காடு திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதை முந்தைய நாள் மாலையே வண்ண வரைபடமாக வெளியிடுவார்கள். சிவப்பு என்றால் உள்ளே போகக் கூடாது. மீறினால் 135 யூரோ அபராதம். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு 2016 ஆகஸ்ட் 10 நல்ல பாடம். ஏரியின் கிழக்குக் கரையில் ரோஞாக்கில் பிடித்த தீ, மிஸ்த்ரால் தள்ளத் தள்ள அன்றே பக்கத்து ஊரான வித்ரோலின் வீடுகளை எட்டியது. 2,000 ஹெக்டேருக்கும் மேல் எரிந்துபோனது. அப்படிப்பட்ட தீக்கு முன்னால் ஓடித் தப்பிக்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

ஆகவே கோடையில் வருவதானால், முதல் நாள் மாலை அந்த வரைபடத்தைப் பார்க்காமல் திட்டத்தை உறுதி செய்யாதீர்கள். பாரிஸிலிருந்து பள்ளி விடுமுறைக்குக் குடும்பமாக வரும் நம்மவர்கள் ஜூலை, ஆகஸ்டில்தான் வர முடியும் என்பது புரிகிறது. அப்படியானால் காடு மூடினாலும் போக முடிகிற ஊர்ப்பகுதி நடை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மார்த்திக்கின் கால்வாய்க் கரைகளில் உலவலாம். சேன்-ஷமாவில் ஃபிளாவியன் பாலத்தைப் பார்க்கலாம்: இரு முனைகளிலும் தோரண வளைவு, வளைவின் மேல் கல் சிங்கங்கள். தேதியை மாற்ற முடிந்தவர்களுக்கு ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களே மேல்.

மிஸ்த்ரால் செய்யும் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. வறண்ட காற்று என்பதால் வேர்வை வந்த சுவடே இல்லாமல் காய்ந்துவிடும். வியர்க்கவில்லை, தாகமும் இல்லை என்று புட்டியைத் திறக்காமலே நடப்பார்கள். பிற்பகலில் தலைவலியோடு உட்காருவார்கள். பாதையில் நிழலும் குறைவு, குழாயும் குறைவு. ஆளுக்கு 2 லிட்டர், கோடையில் 3 லிட்டர் என்று சுமந்துகொண்டு, தாகம் எடுக்காவிட்டாலும் குடித்துக்கொண்டே இருங்கள். குளிர்காலத்தில் இதே காற்று எலும்பு வரை குளிரும், அப்போது காற்றுத் தடுப்புச் சட்டை இல்லாமல் வரக் கூடாது.

அரைக்கால் சட்டையும் இங்கே தவறான தேர்வு. குன்றுகளில் முழங்கால் உயரத்துக்கு வளரும் கெர்மெஸ் ஓக் இலையின் ஓரமெல்லாம் முள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பைன் மரங்களுக்குக் கீழே கம்பளிப்பூச்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக, முந்தியதன் வாலைத் தொட்டபடி, கயிறு போல ஊர்ந்து போவதைப் பார்ப்பீர்கள். குழந்தைகள் குச்சியால் கிளறப் போவார்கள், விடாதீர்கள். அவற்றின் நுண்ணிய முடி காற்றில் பறந்து தோலிலும் கண்ணிலும் கடுமையான அரிப்பை உண்டாக்கும். நாய் நக்கிவிட்டால் நாக்கே அழுகிப்போகலாம்.

கரையோரச் சதுப்பில் வேறு வகை ஏமாற்று. உப்புப் பூத்து வெள்ளையாகக் காய்ந்த தரை, நடுவில் சிவந்த உமரிச்செடிகள். கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் மேலோடு உடைந்து கணுக்கால் வரை கறுப்புச் சேறு. குறுக்கு வழி தேடாமல் பாதையிலேயே போங்கள். போல்மோன் நீர்நிலைக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் ஜாயி மணல்திட்டில் காற்று அடிக்கும் நாளில் அலை மணலில் ஏறி வரும். மத்திய தரைக்கடலில் ஓதம், அதாவது கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், மிகக் குறைவு, தண்ணீர் இடம் மாறாது என்று நம்பியவர்களின் காலணிதான் முதலில் நனையும். ஏரியின் மட்டத்தைக் கரைக்குக் கரை ஏற்றி இறக்குவது காற்று.

தண்ணீரைப் பற்றி இரண்டு விஷயம். கரையில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உடனே ஆலையைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் ஒதுங்கிய பாசிக் குவியல் மக்கும் வாடை. அந்தக் குவியல்மேல் குழந்தைகளையும் நாயையும் விளையாட விடாதீர்கள். குளிக்க நினைத்தால் தர அறிவிப்பு உள்ள கடற்கரைகளில் மட்டும் இறங்குங்கள். மட்டி பொறுக்கிச் சமைக்கலாம் என்ற ஆசை வேண்டாம். 2018 கோடையில் ஏரியின் அடிநீரில் ஆக்ஸிஜன் தீர்ந்து மட்டிகள் கூட்டமாகச் செத்தன. எங்கே எடுக்கலாம் என்ற அனுமதி இன்றும் இடத்துக்கு இடம் மாறும். சேன்-ஷமா மின்நிலையத்தின் வெளியேற்றுக் கால்வாய் அருகே எச்சரிக்கைப் பலகைகளைக் கண்டால் விளிம்பில் உட்காராதீர்கள். அமைதியாகக் கிடக்கும் நீர், நிலையம் திறந்தால் நொடிக்கு 250 கன மீட்டர் வரை பாயக்கூடியது.

மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் சைரன் ஒலித்தால் பதற வேண்டாம், பிரான்ஸ் முழுவதும் அது சோதனை. வேறு நேரத்தில், 1 நிமிடம் 41 நொடி ஏறி இறங்கும் ஒலி மூன்று முறை கேட்டால் அது நிஜம். ரசாயன ஆலைகள் சூழ்ந்த இந்த ஊர்களில், அப்போது மலையுச்சியில் நின்று வேடிக்கை பார்ப்பதோ காரைத் தேடி ஓடுவதோ தவறு. அருகிலுள்ள கட்டடத்துக்குள் நுழைந்து கதவு, ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஆபத்து நீங்கியதும் 30 நொடி தொடர் ஒலி வரும்.

காரில் வருபவர்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்பதற்காகப் பாதையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏரியின் கிழக்கிலும் வடக்கிலும் வித்ரோல், ரோஞாக், பெர், சேன்-ஷமா, மிராமா என்று ரயில் நிலையங்கள் வரிசையாக உண்டு. ஒன்றில் இறங்கி நடந்து இன்னொன்றில் ஏறிவிடலாம். மேற்குக் கரையில் இஸ்த்ர், மார்த்திக் பக்கம் ஓடும் வண்டிகள் குறைவு என்பதால், அங்கே நடப்பதாக இருந்தால் திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் காலையில் கிளம்புங்கள்.