நுண்ணறிவுத் தாள் செய்தால் போதுமா? தெளிவாக யோசிக்கப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் திருகோணமலைப் புத்தகக் கடைகளில் மாதிரி வினாத்தாள்கள் குவிந்துவிடும். பிள்ளை வளர்ந்து அரச வேலைக்கான போட்டிப் பரீட்சைக்கு நிற்கும்போதும் இதே கதைதான். நுண்ணறிவுக்கு ஒரு ரியூசன், பொது அறிவுக்கு இன்னொன்று. பரீட்சையில் தேற வேண்டுமென்றால் அந்தத் தாள்களைச் செய்துதான் ஆக வேண்டும், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் தாள் செய்யச் செய்ய யோசிக்கும் திறனும் தானாகக் கூடிவிடும் என்று பெற்றோர் நம்புகிறார்களே, தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு. மட்டையும் பந்தும் சேர்த்து 1,100 ரூபா. மட்டை, பந்தைவிட 1,000 ரூபா கூட. பந்து என்ன விலை? வாயில் முதலில் வருவது 100. சரியான விடை 50 (மட்டை 1,050, பந்து 50). ஷேன் ஃபிரெடெரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வகைக் கேள்வியை டொலர் கணக்கில் கேட்டிருந்தார். பேர்போன பல்கலைக்கழக மாணவர்களிலேயே ஏராளமானோர் தவறினார்கள். இப்போது உங்களுக்கு விடை தெரிந்துவிட்டது. நாளைக்குப் பேனையும் கொப்பியும் என்று மாற்றிக் கேட்டாலும் பட்டென்று சொல்வீர்கள். அதற்கு ஞாபகம் போதும். இதே கணக்கைச் சரியாகச் செய்தவர் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுக்கப் போனால், "மாதம் இவ்வளவுதானே" என்று கையெழுத்து வைத்துவிட்டு வருவார். தவணையை மாதங்களால் பெருக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றாது.

ஒன்றில் பெற்ற பயிற்சி இன்னொன்றுக்கு அவ்வளவு எளிதில் தாவாது என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. தோர்ன்டைக், வுட்வர்த் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1901இலேயே அதைச் சோதித்துக் காட்டினார்கள். மூளைப் பயிற்சி என்று கைப்பேசியில் விற்கும் விளையாட்டுகளும் இதில் அடக்கம். லுமோசிட்டி என்ற செயலியை நடத்திய நிறுவனம், ஆதாரம் போதாத விளம்பரங்களுக்காக 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டொலர் கட்ட நேர்ந்தது. சுடோக்கு பிடித்தால் போடுங்கள், நல்ல பொழுதுபோக்கு. பயிற்சி வேண்டுமென்றால் லீசிங் பத்திரத்தில் தொடங்குங்கள்.

ஆமாம் சொல்லும் சான்றை மட்டும் தேடுவது

என் கணிப்பில் எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் ஒரு சோதனை செய்தார். 2, 4, 6 என்ற மூன்று எண்களைத் தந்து, "இவை ஒரு விதிக்குள் வருகின்றன. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று நான் சொல்வேன். விதியைக் கண்டுபிடியுங்கள்" என்றார். வந்தவர்கள் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற பதிலே கிடைத்தது. "இரண்டு இரண்டாகக் கூடும் எண்கள்" என்று உறுதியாக அறிவித்தார்கள். உண்மையான விதியோ ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும் என்பதுதான். 1, 7, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தாலே தங்கள் விதி உடைந்திருக்கும். தங்கள் எண்ணம் உடையக்கூடிய கேள்வியைக் கேட்கப் பலருக்கு மனம் வரவில்லை.

இதையே நம் ஊருக்குள் கொண்டு வருவோம். 2017இல் இலங்கை முழுவதும் டெங்கு பரவி, ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் நோயாளராகப் பதிவானார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கமெல்லாம் அந்த வருடத்தை இன்னும் பேசுவார்கள். டெங்கு என்றாலே பப்பாசி இலைச் சாறும் கூடவே வரும். பிளேட்லட் எனும் இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையை அது ஏற்றும் என்பார்கள். "என்ர மருமகனுக்குப் பிளேட்லட் நல்லா இறங்கிப் போச்சு. சாறு குடுத்தம், ரெண்டு நாளில ஏறிற்று." சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஏறியது உண்மை. ஆனால் டெங்குவில் பிளேட்லட் சில நாள் இறங்குவதும், ஆபத்தான கட்டம் தாண்டியதும் தானாக ஏறுவதும் நோயின் வழக்கமான போக்கு. எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வரும்போதுதான் வீட்டார் பயந்துபோய் இலை தேடுவார்கள். அடிமட்டத்துக்குப் பிறகு ஏற்றம்தானே வரும்? அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போயிருக்கும்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். குடித்துச் சுகமானவர், குடித்தும் சுகமாகாதவர், குடிக்காமலே சுகமானவர், குடிக்காமல் சுகமாகாதவர். நம் காதுக்கு வருவது முதல் கட்டம் மட்டும். குடிக்காமலே சுகமானவர் கதை சொல்ல மாட்டார், அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. குடித்தும் சுகமாகாதவர் வீட்டில் அந்தப் பேச்சே எழாது. நான்கையும் நிரப்பாமல் சாறு வேலை செய்கிறது என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. (இது சாற்றைப் பற்றிய வழக்கு மட்டுமே. காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட இதைச் சாட்டாக எடுக்க வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரமே ஆபத்தான நேரம்.)

கட்டம் போடப் பழகினால் பல இடங்களில் காலிக் கட்டம் கண்ணில் படும். படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போய் நிலைத்தவரின் வீட்டுப் படம் கைப்பேசிக்கு வரும். நடுக்கடலில் உயிர் போனவரும், திருப்பி அனுப்பப்பட்டவரும் படம் போடுவதில்லை. படகில் வருவோரைக் குடியேற விடுவதில்லை என்று அந்த நாடு 2013இலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய படங்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஏப்ரகாம் வால்ட் என்ற கணிதவியலாளர் கவனித்ததும் இதைத்தான். அவர் முன் இருந்தது, அடிபட்டுத் திரும்பிய விமானங்களில் எங்கே ஓட்டை என்ற கணக்கு. திரும்பிய விமானங்களில் ஓட்டை குறைவாக இருந்த இடமே ஆபத்தான இடம், அங்கே அடிபட்டவை திரும்பி வரவில்லை என்று அவர் கணக்குப் போட்டார்.

போலிகளின் பெயரை ஆயுதமாக்குவது

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படித்த பிள்ளைகள் போலி நியாயங்களின், அதாவது சரிபோலத் தோன்றும் பிழையான வாதங்களின், பெயர்களை மளமளவென்று ஒப்பிப்பார்கள். பிறகு வீட்டில் அப்பா வாய் திறந்தால் ஒரு பெயர், பெரியப்பா ஏதாவது அனுப்பினால் இன்னொரு பெயர். பெயர் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும், யாரும் எதையும் யோசித்திருக்க மாட்டார்கள். "பெரியப்பா, இந்த வெள்ளப் படம் எந்த வருசத்தது?" என்று கேட்டால் அவரே தேடிப் பார்க்க இடமுண்டு. விவாதப் போட்டியும் அப்படித்தான். எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தருகிறார்கள், பேச்சுத் திறன் வளரும். தன் பக்கம் தவறாக இருக்கலாம் என்று சந்தேகிக்க அங்கே மதிப்பெண் இல்லை.

விளைவை வைத்து முடிவை அளப்பது

2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. சுனாமி எச்சரிக்கை வந்தது. திருகோணமலைக் கரையோரச் சனம் வீடு வாசலை விட்டு உள்ளே ஓடியது. பெரிய அலை வரவில்லை. "சும்மா ஓட வைத்தார்கள், அடுத்த முறை போகமாட்டேன்" என்றவர்கள் உண்டு.

அலை வராததற்குக் காரணம், அந்த நடுக்கத்தில் கடலடித் தட்டு பெரும்பாலும் பக்கவாட்டில் வழுக்கியது. 2004 டிசம்பர் 26இல் போல மேலே எழும்பி நீரைத் தூக்கவில்லை. கரையில் நிற்பவருக்கு இது எப்படித் தெரியும்? தெரிந்தது, அளவு பெரிது என்பதும், 2004இல் அலை ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் நம் கரைக்கு வந்தது என்பதும்தான். அந்தத் தகவலுக்கு ஓடியதே சரியான முடிவு. மறுபக்கம், தலைக்கவசம் இல்லாமல் நிலாவெளி வீதியில் போய்ப் பத்திரமாக வீடு சேர்ந்தவரின் முடிவு, சேர்ந்துவிட்டதால் நல்ல முடிவாகிவிடாது.

விளைவு தெரிந்த பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனம் தன் கணக்கைத் திருத்தி எழுதிவிடும். அதனால் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஒரு பழைய கொப்பி போதும். திகதி, என்ன முடிவு, என்ன தெரிந்து எடுத்தது, என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், எத்தனை வீதம் நிச்சயம். "அநேகமாக" என்று எழுதினால் பிறகு எந்தப் பக்கமும் சாய்க்கலாம், எண்ணாகவே எழுதுங்கள். இருபது முப்பது சேர்ந்ததும், 70 வீதம் என்று போட்டவற்றில் எத்தனை பலித்தன என்று எண்ணிப் பாருங்கள். பாதிதான் பலித்திருந்தால், அடுத்த முறை 70 என்று கை போகும் இடத்தில் 50 என்று எழுதுங்கள்.