பழைய பப் விமர்சனத்தை எப்போது திருத்துவது?

இங்கிலாந்து பப் ஒன்றைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறீர்களா? அதை நடத்துபவர் மாறிவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். மாறியிருந்தால் பழைய வரிகளை ஒட்டுப்போடாமல் புதிதாகவே எழுதுங்கள். காரணம், அங்கே கிடைக்கும் காஸ்க் ஏல் பீப்பாய்க்குள்ளும் நொதித்துக்கொண்டிருக்கும் பியர். பீப்பாய்களை வைக்கும் நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். திறந்த பீப்பாய் சுமார் 3 நாளில் தீர வேண்டும். பியர் வரும் குழாய்களை வாரந்தோறும் கழுவ வேண்டும். எல்லாம் பப்பை நடத்துபவர் கையில்தான், ஆள் மாறினால் சுவையும் மாறலாம்.

விலையோ சமையலறை நேரமோ மாறியிருந்தால் அந்த வரியைத் திருத்தினால் போதும். ஒரே ஒரு பைன்ட் (ஒரு பெரிய கிளாஸ் பியர்) புளித்துப்போனதற்காக மொத்தத்தையும் மாற்றுவது நியாயமில்லை. இன்னொரு நாள் போய்க் குடித்துப் பாருங்கள். அப்புறம், எந்த மாதம், எந்த ஆண்டு போனீர்கள் என்பதை மேலேயே குறித்துவிடுங்கள்.