ஓம வாசனை அடிக்கும் புல்வெளிப் பூ

இந்தப் பூச்செடியை வாங்க நர்சரிக்குப் போனால், பீ பாம் என்ற அதன் பொதுப்பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பெரும்பாலும் சிவப்புப் பூ பூக்கும் மொனார்டா டிடிமாவைத்தான் தருவார்கள். அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும். அமெரிக்கப் புல்வெளிகளின் சொந்தச் செடி, வெளிர் ஊதாப் பூ பூக்கும் மொனார்டா ஃபிஸ்டுலோசா. லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் வாங்குங்கள்.

இல்லினாயில் எங்கள் வீட்டுக் கொல்லை கெட்டிக் களிமண். அதிலேயே மார்பு உயரத்துக்கு வளர்கிறது. நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பாருங்கள். உரம் வேண்டவே வேண்டாம், போட்டால் தண்டு நெட்டையாகிச் சாய்ந்துவிடும்.

விதை பொடிசு. நவம்பரில் வெறும் மண்மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். மண் போட்டு மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். விதைக்கு வேண்டிய குளிரைப் பனிக்காலம் கொடுத்துவிடும். வசந்தத்தில்தான் விதைப்பேன் என்றால், ஈர மணலில் கலந்து ஒரு மாதம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதல் வருடம் பெரும்பாலும் இலைதான். பூவுக்கு அடுத்த ஜூலை வரை பொறுக்க வேண்டும்.

ஆகஸ்டில் இலைமேல் வெள்ளையாகப் பூஞ்சை படியும். பார்க்கச் சகிக்காது, ஆனால் செடி சாகாது. மருந்தடிக்காமல், செடிக்குச் செடி இரண்டடி இடம்விட்டு, வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, புதரின் நடுவில் சொட்டை விழுந்ததும், வசந்தத்தில் தோண்டிப் பிரித்து நடலாம்.

சரி, சமையலுக்கு வருவோம். இலையைக் கசக்கி முகர்ந்தால் அப்படியே ஓமம்! இரண்டிலும் இருப்பது தைமால் என்ற வாசனைப் பொருள்தான். மொட்டு விடும் சமயத்தில், பனி காய்ந்த காலையில் கிளை நுனிகளை வெட்டி, கொத்தாகக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். காய்ந்த இலை ஒரு ஸ்பூன், ஒரு கப் வெந்நீர், ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். அதற்கு மேல் ஊறினால் காரமும் கசப்பும் ஏறிவிடும். அமெரிக்கப் பழங்குடிகளான மெனோமினி மக்கள் சளிக்கு இதைத்தான் குடித்தார்கள். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. பச்சை இலையை ஆரிகானோவுக்குப் பதிலாக பீட்சாவில் போடலாம், ஆனால் பாதியளவே போதும். பூவை முழுசாகச் சாலட்டில் போடாதீர்கள். இதழ்க் குழல்களை மட்டும் உருவி எடுங்கள், அடிப்பகுதி வாயில் குத்தும்.

காய்ந்த தண்டுகளைப் பனிக்காலம் முழுக்க நிற்க விடுங்கள். வசந்தத்தில் வெட்டும்போதும் ஓரடி குச்சியை விட்டே வெட்டுங்கள்; உள்ளே பொள்ளலான அந்தத் தண்டில் சின்னக் காட்டுத் தேனீக்கள் முட்டையிடும்.